கோர்ட் ஊழியர்களை நியமிப்பது யார், அரசா தலைமை நீதிபதியா?

கேள்வி:
உயர் நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் உதவியாளர், தட்டச்சர் எல்லாருக்கும் சம்பளம் மாநில அரசின் கஜானாவிலிருந்துதான் போகிறது. அப்புறம் எப்படி அவர்களை நியமிக்கும் அதிகாரம் அரசிடம் இல்லை என்கிறார்கள்?

ராமானுஜம்_பழையவக்கீல்:
அரசமைப்புச் சட்டம் 229-ஆவது பிரிவைப் படியுங்கள். நியமிப்பது தலைமை நீதிபதி, அல்லது அவர் சொல்லும் வேறொரு நீதிபதியோ அலுவலரோ. பணி விதிகளையும் அவரே போடலாம், ஆனால் சம்பளம், படி, விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய விதி என்றால் ஆளுநர் ஒப்புதல் வேண்டும், இழுபறி வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். செலவு மாநிலத் தொகுப்பு நிதியின் (அதாவது மாநில அரசின் பொதுக் கஜானாவின்) மீது சாட்டப்பட்டது, அதனால் சட்டமன்றம் அதை விவாதிக்கலாமே தவிர வாக்கெடுப்புக்கு விட முடியாது. நியமனத்தை அரசிடம் விடாததற்குக் காரணம் எளிது. அரசே எதிர்வாதியாக வந்து நிற்கும் இடத்தில், வழக்குக் கட்டைத் தூக்கி வைக்கிற ஆளை அதே அரசு இடமாற்றம் செய்ய முடிந்தால் எப்படியிருக்கும்?

கீழ்க்கோர்ட்_குமாஸ்தா:
மாவட்ட அளவில் கதை வேறு. 235-ஆவது பிரிவுப்படி கீழ் நீதிமன்றங்களின் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம். ஆனால் தினசரி மேற்பார்வை மாவட்ட நீதிபதியிடம்தான், அவருக்கோ தீர்ப்பு எழுதவே நேரமில்லை, ஆக நிஜத்தில் சிரஸ்தார், அதாவது கோர்ட் அலுவலகத்தின் தலைமை ஊழியர், வைத்ததுதான் சட்டம் (நானும் ஒரு காலத்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்).

கேள்வி கேட்டவர்:
சரி, அப்படியானால் தலைமை நீதிபதி நினைத்தவரையெல்லாம் எடுக்கலாமா?

ராமானுஜம்_பழையவக்கீல்:
முடியாது. ரேணு வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சமத்துவம், அரசு வேலையில் சம வாய்ப்பு பற்றிய 14, 16-ஆவது பிரிவுகள் நீதிமன்றத்துக்கும் பொருந்தும், விளம்பரம் செய்து, போட்டி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.