முதல் வருஷ மாம்பூ: கிள்ளுவதா, விடுவதா?

கடச்சனேந்தல்வாசி: போன ஆடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு இமாம்பசந்த் ஒட்டுக்கன்று வைத்தேன். இன்னும் மூன்றடிகூட வரவில்லை, தை பிறந்ததும் நுனியில் பூங்கொத்து வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கிள்ளிப் போடச் சொல்கிறார். பூத்த மரத்தில் கை வைக்கக்கூடாது என்கிறார் அம்மா. அவருக்கு 78 வயது. என்ன செய்யலாம்?

நத்தம் தோப்பு: யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஒட்டுவதற்கு எடுத்த குச்சி காய்க்கிற தாய்மரத்துடையது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பூக்கிறது. ஆனால் கீழே இருக்கிற வேர் இன்னும் பச்சைப்பிள்ளை. இமாம்பசந்த் பழம் ஒன்று அரைக்கிலோவைத் தாண்டும். பென்சில் தடிமன் தண்டு அதை எப்படித் தாங்கும்? முதல் மூன்று வருஷம் பூவை எடுத்துவிட்டு, நாலாம் வருஷம் காய்க்க விடுவதுதான் எங்கள் வழக்கம்.

திருமங்கலம் கரிசல்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கொத்தில் எத்தனை பூ பூத்தாலும் அதில் நிறைய ஆண் பூதான். பிடித்த பிஞ்சிலும் பெரும்பகுதி தானாகக் கொட்டிவிடும். தாங்க முடியாததைக் கன்றே உதிர்த்துக்கொள்ளும்போது நாம் ஏன் கை வைக்க வேண்டும்? இன்னொரு விஷயம். இமாம்பசந்த் என்று சொல்லி ஒரு நர்சரியில் எனக்குக் கொடுத்த கன்று, நாலாம் வருஷம் காய்த்தபோதுதான் நீலம் ரக மா என்று தெரிந்தது. நாலு வருஷமும் தண்ணீர் சுமந்து ஊற்றியிருந்தேன். முதல் வருஷமே ஒரு காயை விட்டிருந்தால் அன்றைக்கே மாற்றி வைத்திருப்பேன்.

நத்தம் தோப்பு: ஏமாந்த வருத்தம் புரிகிறது அண்ணே. அதற்கு மூன்றாம் வருஷம் ஒரே ஒரு காயை விட்டுப் பாருங்கள், போதும். தானாக உதிரும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். என் வரப்போரம் ஒரே நாளில் வைத்த இரண்டு கன்றில், ஒன்றில் பேரன் ஆசைப்பட்டான் என்று இரண்டு காயை விட்டேன். உதிரவே இல்லை. அந்த வருஷம் அது ஒரு தளிர்கூட விடவில்லை. பக்கத்துக் கன்று என் தோள் உயரத்துக்குப் போய்விட்டது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். காய் பெருக்கிற நேரமும் அதுதான். சின்ன வேர் இலைக்குத் தண்ணீர் கொடுக்குமா, காய்க்குக் கொடுக்குமா?

மாடித்தோட்டம் மதுரை: எடுப்பது என்று முடிவு செய்தாலும் எப்போது என்பது முக்கியம். 200 லிட்டர் டிரம்மில் மா வைத்திருக்கிறேன். தை மாதக் குளிரில் பூவைக் கிள்ளினேன், பக்கத்து மொட்டிலிருந்து மறுபடியும் பூவே வந்தது. இரண்டு தடவை அப்படி ஆனது. அப்புறம் பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை காத்திருந்து எடுத்தேன், வெயில் ஏறியிருந்ததால் தளிர் வந்தது. கையால் இழுக்காதீர்கள், பட்டை கிழியும். சுத்தமான கத்தரியால் கொத்தின் காம்பை மட்டும் வெட்டுங்கள், இலை ஒன்றையும் தொட வேண்டாம். ஒட்டுக்குக் கீழே தளிர் வந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அது வேர்ச்செடியின் நாட்டு மா. விட்டால் மேலே இருக்கிற இமாம்பசந்த்தை அமுக்கிவிடும்.

திருமங்கலம் கரிசல்: சரி, கன்றின் கணக்கு எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். 78 வயது அம்மாவுக்கு மூன்று வருஷம் என்பது பெரிய கணக்கு இல்லையா? ஒரு காய்க்கு மூங்கில் குச்சியால் முட்டுக் கொடுத்து, தண்ணீரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் கன்று செத்துவிடாது. கொஞ்சம் மெதுவாக வளரும், வளரட்டுமே.

நத்தம் தோப்பு: அம்மாவின் வயதுக்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. கடச்சனேந்தல் தம்பி, வைகாசியில் என் தோப்பு இமாம்பசந்த் நாலு கொண்டுவந்து தருகிறேன். அம்மா அதைச் சாப்பிடட்டும். கன்றை மட்டும் வளர விடுங்கள்.

கடச்சனேந்தல்வாசி: எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒட்டுக்குக் கீழே நிஜமாகவே இரண்டு தளிர் இருந்தது, இன்று காலையே எடுத்துவிட்டேன். பூவைப் பட்டாணிப் பிஞ்சு வரை விட்டு வைக்கிறோம். அப்புறம் வெட்டுவதானால் கத்தரியைத் தன் கையில் கொடுக்கச் சொல்கிறார். நத்தம் ஐயா, பழம் நாலும் காயாக வேண்டுமாம், வைக்கோலில் அவரே பழுக்க வைப்பாராம்.