800 வெள்ளிக்குள் வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் ஜோடி: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

நடுவீட்டு_ரேடியோ (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம். ஒற்றை மாடி தாமான் வீடு. கூடம் 10 அடிக்கு 18 அடி. தரை மொசைக், தகரக் கூரை, அதுக்குக் கீழே மெல்லிய சீலிங். கேட்பது பெரும்பாலும் எழுபது, எண்பதுகளின் படப் பாட்டு, நாதஸ்வரம், காலையில் மின்னல் எஃப்எம். ராத்திரி டிவி சத்தமும் அதிலேயே வரணும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), வயர் எல்லாம் சேர்த்து 800 வெள்ளிதான், அதுக்கு மேல இழுக்க முடியாது.

கண்ணில் பட்டது மூணு. கடையில் 12 இஞ்சு வூஃபர் (கீழ் ஒலிக்கான பெரிய கோன்), கலர் லைட், மைக்கோடு ஒரு பார்ட்டி பெட்டி, மேலே "5000 வாட்"னு ஒட்டியிருக்கு. அடுத்து, முடா (பழைய பொருள் விற்கும் இணையதளம்) வழியா வரும் ஜப்பான் பழசு. மூணாவது, ஆம்ப் உள்ளேயே இருக்கும் புது ஜோடி, 4 இஞ்சு. எதை எடுக்கலாம்? பழசுன்னா எதைப் பார்த்து வாங்கணும்? ஈப்போ வரைக்கும் போய்ப் பார்க்க முடியும்.

ஈயக்கம்பி:

பார்ட்டி பெட்டியை முதல்ல கழிச்சிடுங்க. அந்த 5000 பிஎம்பிஓ கணக்கு, அதாவது விளம்பரத்துக்குப் போடும் உச்ச வாட், அதை அளக்க ஒரு பொது முறையே கிடையாது. பெட்டிக்குப் பின்னாடி தகட்டைப் பாருங்க. கரண்டு எடுப்பது 60 வாட்னு போட்டிருந்தா, வெளியே அதுக்கு மேல தொடர்ந்து எங்கிருந்து வரும்? அதுபோக, 12 இஞ்சு வூஃபரையும் ஒரு சின்ன ட்வீட்டரையும் (உயர் ஒலிக்கானது) சேர்க்கும் இடத்தில் பெரும்பாலும் ஓட்டை விழும். குரலும் நாதஸ்வரமும் உட்காருவதே அந்த இடத்தில்தான்.

வாட்டைவிட சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்க. 86 டெசிபல்னு போட்டிருந்தா, ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். நீங்க உட்காருவது இரண்டரை மீட்டரில் என்றால் சுமார் 8 டெசிபல் குறையும். ரெண்டு பெட்டி சேர்ந்து 3 திரும்பக் கொடுக்கும், சுவரும் கொஞ்சம் கொடுக்கும். ஆக ஆளுக்கு ஒரு வாட்டிலேயே 80-ஐத் தாண்டிடும். 20 வாட் கொடுத்தா இன்னும் 13 டெசிபல் ஏறும், அது பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் அளவு. வாட்டை இரட்டிப்பாக்கினா கூடுவது வெறும் 3 டெசிபல்தான். அதனால காசை வாட்டில் போடாதீங்க, பெட்டியில் போடுங்க.

என் ஓட்டு ஆம்ப் இல்லாத பழைய ஜோடிக்கு. 5 அல்லது 6.5 இஞ்சு வூஃபர், 1 இஞ்சு துணி டோம் ட்வீட்டர். பார்க்கப் போகும்போது ஒரு ஏஏ பேட்டரி, மல்ட்டிமீட்டர், டார்ச் லைட், போனிலிருந்து ஆம்புக்குப் போகும் வயர் எடுத்துக்கிட்டுப் போங்க.

வலையைக் கழற்றி வூஃபர் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை மெல்ல அழுத்துங்க. ரப்பர்னா வழவழப்பா, அழுத்தினா திரும்பும். ஸ்பாஞ்சுன்னா விரலில் கறுப்புப் பிசினாகவோ தூளாகவோ ஒட்டினா அது போச்சு. நம்ம ஊர் ஈரத்தில் பழைய ஸ்பாஞ்சு வளையம் முழுசா இருந்தாத்தான் ஆச்சரியம். கோனை ரெண்டு பக்கமும் விரல் வெச்சு நேரா உள்ளே தள்ளுங்க. கரகரன்னு உரசினா கோனை ஆட்டும் கம்பிச் சுருள் (காயில்) சாய்ந்திருக்கு, அல்லது எரிஞ்சிருக்கு. பேட்டரியின் ப்ளஸ்ஸைச் சிவப்பு முனையில் ஒரு நொடி தொட்டா கோன் வெளியே வரணும். ஒரு பெட்டியில் வெளியே, இன்னொன்றில் உள்ளே போனா, யாரோ திறந்து வயரை மாற்றி வெச்சிருக்காங்க. பெட்டியின் அடி ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்க, துகள் பலகை தண்ணி குடிச்சு உப்பியிருந்தா விட்டுடுங்க. அதைச் சரி செய்ய வழியில்லை.

தகரக்கூரை_வாசி:

ஈயக்கம்பி அண்ணே சொல்வது சாலிடர் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சரி. எல்லாருக்கும் அது சரிப்படாது. எடிஃபயர் ஆர்1280டி மாதிரி ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஜோடி எடுத்தா 4 இஞ்சு வூஃபர், ரெண்டும் சேர்ந்து 42 வாட், டிவிக்கு ஒண்ணு போனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு உள்வழி, ரிமோட், எல்லாம் கையோட வந்துடும். வயர் தேட வேண்டாம், ஓம் (மின்தடை) கணக்கு வேண்டாம். குறை ரெண்டு: ரொம்பக் கீழ் பேஸ் வராது, உள்ளே இருக்கும் போர்டு போனா பெட்டியும் சேர்ந்து சும்மா நிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வரும் பழசில் ஆம்ப் உள்ளே இருந்தா அது 100 வோல்ட். நம்ம 240-இல் நேரா குத்தினா அந்த நொடியே புகை. 240-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் தகட்டில் உள்ள வாட்டைப் போல ஒன்றரை மடங்கு தாங்குவது. ஆம்ப் இல்லாத வெறும் பெட்டிக்கு இந்தக் கவலையே இல்லை.

எந்த மாடல் நல்லதுன்னு தேடும்போது விளம்பரத்தை விட்டுட்டு, ஒலியை அளந்து போட்ட வரைபடங்களைப் பாருங்க. 1980களில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல், பெட்டியைத் திரைக்குப் பின்னால் வெச்சு ஆட்களைக் கேட்க வெச்சார். பிராண்டும் விலையும் தெரியாதபோது, நேரா கேட்டாலும் பக்கவாட்டில் கேட்டாலும் மேடு பள்ளம் இல்லாம ஒலிக்கும் பெட்டியையே பெரும்பாலோர் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. வீட்டிலேயே அதைக் கொஞ்சம் சோதிக்கலாம். போனிலிருந்து பிங்க் நாய்ஸ் (கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை கலந்த இரைச்சல்) ஓட விட்டு, பெட்டிக்கு முன்னால் இடமிருந்து வலமா மெல்ல நடங்க. இரைச்சலின் நிறம் படிப்படியா மங்கினா சரி. ஓரிடத்தில் திடீர்னு மாறினா வூஃபரும் ட்வீட்டரும் ஒத்துப் போகலை.

செம்பனை_ஓரம்:

எதை வாங்கினாலும் உங்க கூடத்தில் பாதி வேலை இடம் பார்த்து வைப்பதுதான். 10 அடி என்றால் 3.05 மீட்டர், அந்த அகலத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி 56 ஹெர்ட்ஸில் ஒரு கும்முன்னு அதிர்வு. 18 அடி நீளத்துக்கு 31-இலும் அதன் இரட்டிப்பான 62-இலும் ஒன்று. 56-உம் 62-உம் ஒட்டி விழுவதால் 60-ஐச் சுற்றி பேஸ் குழம்பும். சோபா பின் சுவரை ஒட்டி இருந்தா அது இன்னும் மோசம். மூன்றடி முன்னால் இழுங்க.

பெட்டிகளை 10 அடிச் சுவர்ப் பக்கம் வைக்கணும். ரெண்டுக்கும் நடுவில் 6 அடி, நீங்க 7 அல்லது 8 அடி தள்ளி. பெட்டி முகத்துக்கும் பின் சுவருக்கும் உள்ள தூரம் முக்கியம். 60 சென்டிமீட்டர் என்றால் சுமார் 143 ஹெர்ட்ஸில் சத்தம் தானே தன்னைத் தின்னும், ஆண் குரலின் கனம் அங்கேதான் இருக்கு. பேஸுக்காகப் பின்னால் துளை உள்ள பெட்டியா இருந்தா 10–15 செ.மீ. மட்டும் விட்டுச் சுவரை ஒட்டி வைத்துப் பாருங்க, சத்தம் குறையும் அந்தப் பள்ளம் இன்னும் மேல் ஹெர்ட்ஸுக்கு ஏறி அவ்வளவா தெரியாது. பேஸ் கூடினா துளையில் ஒரு காலுறையைச் செருகலாம். பக்கச் சுவர் தூரமும் பின் சுவர் தூரமும் ஒரே அளவா இருக்கக் கூடாது.

ட்வீட்டர் உட்கார்ந்த காது உயரத்துக்கு வரணும், அதாவது தரையிலிருந்து 90 செ.மீ. சுற்று வட்டாரம். மொசைக் தரையில் பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு தடித்த கம்பளம் போடுங்க. மெல்லிய பாய்க்கு அந்த வேலை நடக்காது.

தகரத்தில் மழை கொட்டும்போது வால்யூமை முழுசா ஏற்றும் பழக்கம் வேண்டாம். சின்ன ஆம்ப் எல்லை தாண்டினா அலையின் தலை வெட்டுப்படும், அந்த வெட்டிலிருந்து வரும் உயர் ஒலி நேரா ட்வீட்டருக்குப் போய் அதன் காயிலை எரிக்கும். ட்வீட்டர் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

நடுவீட்டு_ரேடியோ:

நன்றி அண்ணே. ஈப்போவில் ஒருத்தரிடம் ஒரு ஜோடி இருக்கு: 6.5 இஞ்சு, 8 ஓம், 180 வெள்ளி. வூஃபர் வளையம் ஸ்பாஞ்சு, ரெண்டும் உதிர்ந்து தொங்குது. பின்பக்க முனையில் மீட்டர் வெச்சுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஒண்ணு 6.1, இன்னொண்ணு 6.0. அப்ப உள்ளே எல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

ஈயக்கம்பி:

பாதிதான் தெரிஞ்சிருக்கு. 8 ஓம் பெட்டி மீட்டரில் 5.5-இலிருந்து 7 வரை காட்டும், அது சரி. ஆனா நீங்க அளந்தது வூஃபரை மட்டும்தான். ட்வீட்டருக்கு முன்னாடி கெபாசிட்டர் இருக்கும், மீட்டரின் நேர்மின்சாரம் அதைத் தாண்டாது. ட்வீட்டர் செத்திருந்தாலும் இதே 6 ஓம்தான் காட்டும். அதனால பாட்டை ஓட விட்டு, ஒரு அட்டைக் குழாயை ட்வீட்டர் முன்னால் வெச்சு மறுமுனையில் காதை வையுங்க. ரெண்டிலும் ஜாலராச் சத்தம் ஒரே அளவு கேட்கணும்.

அது கேட்டா, ஸ்பாஞ்சு போனதைச் சொல்லி 120-க்குப் பேசுங்க. வளையம் மாற்றுவது ஒரு சனி, ஞாயிறு வேலை. வளையம் ஆர்டர் பண்ணும் முன் நாலு அளவு எடுங்க: இரும்புச் சட்டத்தின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் பட்டையின் உள் விட்டம், கோனின் விட்டம், வளைவின் அகலம். "6.5 இஞ்சு"ன்னு மட்டும் சொல்லி வாங்கினா பொருந்தாம போகும்.

பழைய ஸ்பாஞ்சையும் பசையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஊற வெச்சு வழிச்சு எடுக்கணும். காகிதக் கோனா இருந்தா ஊற விடாம துடைங்க, காகிதம் பிரியும். புது வளையத்தை முதலில் கோனில் ஒட்டி ஒரு மணி நேரம் காய விடுங்க. சட்டத்தில் ஒட்டுவதுதான் நுணுக்கம். வெள்ளைப் பசை மாதிரி தண்ணியில் கரையும் பசை போடுங்க, சூப்பர் குளூ போட்டா நகர்த்தித் திருத்த நேரமே கிடைக்காது. பசை பச்சையா இருக்கும்போதே போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப் வழியா மெல்லக் கொடுங்க, கோன் ரெண்டு மில்லிமீட்டர் ஆடினா போதும். உரசல் கேட்டா வளையத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்துங்க. உரசல் நின்ற இடத்தில் துணி கிளிப்பால் சுற்றிப் பிடிச்சு 24 மணி நேரம் விடணும். மழைக்காலம்னா இன்னும் ஒரு நாள். ஸ்பாஞ்சுக்குப் பதிலா ரப்பர் வளையம் போடச் சொல்வாங்க. ரப்பர் கனம் கூடுதல், வூஃபரின் ஒத்ததிர்வே இடம் மாறி பேஸ் கெடும். முதலில் ஸ்பாஞ்சு இருந்தா ஸ்பாஞ்சே போடுங்க.

பெட்டியைத் திறந்த கையோட கிராஸ்ஓவரை (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரிக்கும் போர்டு) பாருங்க. உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இருந்தா, முப்பது வருஷப் பெட்டியில் அது வற்றியிருக்கும், ட்வீட்டர் மங்கலா கேட்கும். அதே மைக்ரோஃபாரட் எண்ணில், 100 வோல்ட், ப்ளஸ், மைனஸ் பேதமில்லாத வகை வாங்குங்க. டிவி போர்டிலிருந்து பிடுங்கிய சாதாரண வகை இங்கே ஆகாது. கோலாலம்பூர் ஜாலான் பாசார் உதிரிக் கடைகளில் கிடைக்கும். ஃபிலிம் வகை போட்டு ட்வீட்டர் சுள்ளுன்னு கேட்டா, வரிசையில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா அடங்கும்.

ஆம்புக்கு டிபிஏ3116 சிப் உள்ள சின்னப் பெட்டி போதும். இதில் ஏமாறுவது அடாப்டரில்தான். கூட வரும் 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓமுக்கு 8, 9 வாட்டுக்கு மேல் சுத்தமா வராது. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் போட்டா 20-ஐத் தொடும். இன்னொண்ணு: இந்த வகை ஆம்பில் ரெண்டு பக்கத்துக் கறுப்பு முனையிலும் மின்சாரம் ஓடும். இடது கறுப்பையும் வலது கறுப்பையும் ஒன்றாக முறுக்கினாலோ எர்த்தில் தொட்டாலோ சிப் போயிடும். வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் எடுங்க. 5 மீட்டர் ஓட்டத்துக்குப் போக வரச் சேர்த்து 0.12 ஓம் கூட வராது. இதுக்கு மேல வயரில் காசு போடுவது வீண்.

நடுவீட்டு_ரேடியோ:

டிவியில் ஹெட்போன் ஓட்டை இல்லை, ஆப்டிக்கல் (ஒளி வழியா ஒலி அனுப்பும் ஓட்டை) மட்டும்தான். அப்புறம் இங்கே சாயங்காலம் இடி ரொம்ப. சுவிட்சை ஆஃப் பண்ணினா போதுமா?

செம்பனை_ஓரம்:

ஆப்டிக்கலை ரெண்டு ஆர்சிஏ முனையாக மாற்றும் சின்ன டப்பா வாங்குங்க. டிவி செட்டிங்கில் ஒலி வெளியீட்டை பிசிஎம்னு (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) மாற்றணும், இல்லாட்டி ஒண்ணுமே கேட்காது, அல்லது இரைச்சல் வரும். டப்பா கெட்டதுன்னு திருப்பிக் கொடுக்கிறவங்க பலர் இதை மாற்றாமல் விட்டவங்கதான்.

இடிக்கு சுவிட்ச் போதாது, சுவிட்சின் இடைவெளியைத் தாண்டும் மின்னல். மேகம் கறுத்ததும் பிளக்கையே பிடுங்கி வையுங்க. டிவியின் ஆண்டெனா, ஆஸ்ட்ரோ வயரையும் சேர்த்துத்தான். கரண்டு வயரை மட்டும் பிடுங்கினா ஆண்டெனா வழியா வந்தது டிவியைப் பதம் பார்க்கும். ஆப்டிக்கல் வயரில் மின்சாரம் பாயாது என்பதால் அங்கிருந்து ஆம்புக்குத் தாவாது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை.