ஏஐ எழுதியதா, ஆள் எழுதியதா: எதை நம்பி முடிவு செய்கிறீர்கள்?

பழுப்புத்தாள் கேட்டது:

மென்பொருள் சிக்கல்களைப் பேசும் ஒரு குழுமத்தில் மட்டுறுத்துநராக இருக்கிறேன். கொஞ்ச காலமாகவே வருகிற பதில்களைப் படித்தால் ஒரே ஆள் பல பெயரில் எழுதுகிற மாதிரி இருக்கிறது. முதல் வரியில் கேள்வியையே திருப்பிச் சொல்வது, "இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்" என்று ஆரம்பித்து ஐந்து புள்ளிகள், ஐந்தும் ஒரே நீளம், கடைசியில் "இது உதவியாக இருக்கும் என்று நம்புகிறேன்". தப்பு என்று எதையும் சுட்ட முடியாது, ஆனால் கேட்டவருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது.

இது போதாதென்று இன்னொரு தொல்லை. உறுப்பினர் ஒருவர், தனக்குச் சந்தேகம் வருகிற பதிலையெல்லாம் ஏதோ ஒரு கண்டறியும் தளத்தில் போட்டு, தொண்ணூறு சொச்சம் சதவீதம் ஏஐ என்று வரும் படத்தை இழையிலேயே ஒட்டிவிடுகிறார். அண்மையில் அப்படி மாட்டியவர் நன்றாக எழுதக்கூடிய பழைய உறுப்பினர். நான்தான் எழுதினேன் என்று சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை, கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தளங்கள் காட்டும் எண்ணுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? அப்புறம், பார்த்தவுடனே சொல்லிவிடுவேன் என்கிறவர்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

பழைய_நிரலர்:

அந்த எண்ணை வைத்து யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். முதலில் அது எதன் எண் என்று பார்க்க வேண்டும். இந்தக் கருவிகளில் பலவும் அடிப்படையில் செய்வது, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஒரு மொழி மாதிரியால் (சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும், அடுத்த சொல்லைக் கணிக்கும் நிரலால்) கணிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான். எளிதாகக் கணிக்க முடிந்தால் "இயந்திரம்", அடிக்கடி திகைக்க வைத்தால் "மனிதர்". வாக்கிய நீளம் ஏறி இறங்குகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, நிதானமாக, ஒழுங்காக, பாடப்புத்தகம் மாதிரி எழுதுகிற ஆள் எவரும் இதில் மாட்டலாம். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தையே ஏஐ எழுதியது என்று ஒரு கருவி சொன்னது 2023இல் பெரிய சிரிப்பாகப் போனது. காரணம் எளிது: மாதிரியைப் பழக்கக் கொடுத்த உரைகளில் அது திரும்பத் திரும்ப வந்திருப்பதால் மாதிரிக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம்.

சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அவர்களே கொடுத்த கணக்குப்படி ஏஐ உரையில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ என்றது. உங்கள் குழுமத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பதிவு, அதில் நூறு ஏஐ என்று வையுங்கள். கருவி 26 ஏஐ பதிவைப் பிடிக்கும், மீதி 900 மனிதப் பதிவில் 81ஐயும் சேர்த்துப் பிடிக்கும். மாட்டிய 107 பேரில் முக்கால்வாசிப் பேர் அப்பாவிகள்! துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை அவர்களே எடுத்துவிட்டார்கள். 1,000 எழுத்துக்குக் குறைவான உரையிலும், ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் நம்ப வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கையும் போட்டிருந்தார்கள். தமிழில் நாலு வரிப் பதிலை இப்படிச் சோதிப்பது என்ன வகை என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போதைய கருவிகள் அதைவிட மேல், மறுக்கவில்லை. ஆனாலும் யாருக்கு அடி விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்ததில், சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ என்று கருவிகள் சொல்லின. வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்ன பிறகு இந்தத் தவறு பெருமளவு குறைந்துவிட்டது. மனிதர் என்று நிரூபிக்க ஏஐயின் உதவி!

ஒரு யோசனை: போனவர் பழைய உறுப்பினர் என்கிறீர்கள். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன் அவர் எழுதியவை உங்கள் தரவுத்தளத்தில் இருக்குமே, எடுத்துப் பாருங்கள்.

பழுப்புத்தாள்:

இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தேடிப் பார்த்தேன். அப்போதே அவர் புள்ளி போட்டு, தடித்த எழுத்தில் தலைப்பு வைத்துத்தான் எழுதியிருக்கிறார், "உதவியாக இருக்கும் என்று நம்புகிறேன்" உட்பட. தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

கண்கொத்தி:

நிரலர் ஐயா சொன்னதில் கருவிகளைப் பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு "கண்டுபிடிக்கவே முடியாது" என்று போய்விடக் கூடாது. அது வேறு பேச்சு.

சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 காலத்திலேயே, 2021இல், ஒரு ஆய்வு வந்தது. பழக்கமில்லாதவர்களிடம் உரையைக் கொடுத்துக் கேட்டால் காசு சுண்டிப் போட்டுச் சொல்வதற்குச் சமமாகத்தான் சரியாகச் சொன்னார்கள், சொல்லிக்கொடுத்த பிறகும் 55 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 2025இல் வந்த இன்னொரு ஆய்வில், எழுத்து வேலைக்கே தினமும் இந்த மாதிரிகளைப் பயன்படுத்துகிற ஐந்து பேரை எடுத்து 300 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஐவரின் பெரும்பான்மை முடிவில் தவறிப்போனது ஒன்றே ஒன்று. ஆக, பழகிய கண் என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஐந்து பேர் சேர்ந்த முடிவு, அதுவும் முழுக் கட்டுரைகளில். தனி ஆள் ஒரு பத்தியைப் பார்த்துவிட்டு "எனக்குத் தெரியும்" என்று துள்ளுவதற்கு அந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது.

அடையாளங்களில் இரண்டு வகை இருக்கிறது, மக்கள் ரெண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். விக்கிப்பீடியாவில் ஏஐ உரையைத் துப்புரவு செய்ய 2023 டிசம்பரிலிருந்து ஒரு குழுவே இருக்கிறது. அவர்கள் தொகுத்து வைத்திருக்கும் அடையாளப் பட்டியல் படிக்க வேண்டியது. அதில் சில சாட்சியம் மாதிரி: "ஒரு ஏஐ மொழி மாதிரியாக என்னால்..." என்ற வரி அப்படியே ஒட்டிக்கிடப்பது, இணைப்பு முகவரியின் வாலில் சாட்ஜிபிடி பெயர் தொங்குவது, மேற்கோள் எண் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மென்பொருளின் உள்குறிகள் கிடப்பது, இல்லாத புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) கொடுப்பது. நம் துறையில் என்றால், நிரல் நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) இல்லவே இல்லாத ஒரு செயற்கூறை (function) இருப்பதாகச் சொல்லி அழைக்கச் சொல்வது. இவற்றைப் பார்த்தால் நான் தயங்க மாட்டேன். குறைந்தபட்சம் ஒட்டியவர் அதைப் படிக்கவில்லை என்பது உறுதி, எனக்கு அது போதும்.

மற்றதெல்லாம், நீளக் கோடு, மூன்று மூன்றாக அடுக்குவது, தடித்த எழுத்து, "இது வெறும் அது அல்ல, இது இன்னொன்று" பாணி, இவை சாயல்தான். மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில் சாட்ஜிபிடிக்குப் பிறகு திடீரென்று பெருகிய சொற்களைக் கணக்கெடுத்து, 2024இல் வந்தவற்றில் குறைந்தது 13.5 சதவீதத்தில் மாதிரிகளின் கை பட்டிருக்கிறது என்று கணித்தார்கள். லட்சக்கணக்கான உரையைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்தக் கணக்கு நிற்கும். ஒற்றைச் சுருக்கத்தைக் கையில் எடுத்து இது அந்த 13.5இல் ஒன்றா என்று கேட்டால் அதே கணக்கு வாயைத் திறக்காது.

இரவுப்பணி:

எனக்கு ஒன்று புரியவில்லை. பதில் சரியாக இருந்தால் யார் எழுதினால் என்ன? தப்பாக இருந்தால் தப்பு என்று நீக்குங்கள். மனிதர்கள் மட்டும் தப்பே எழுதாமல் இருந்தார்களா? இந்தத் துப்பறியும் வேலையே தேவையில்லாதது என்று நினைக்கிறேன்.

பழைய_நிரலர்:

@இரவுப்பணி, தப்பைக் கண்டுபிடிப்பது யார், எவ்வளவு நேரத்தில் என்பதுதான் பிரச்சினை. நிரலாக்கக் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட்ஜிபிடி பதில்களைத் தடை செய்தது 2022 டிசம்பர் 5, அது வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர்கள் சொன்ன காரணம்: பார்க்க நன்றாக இருக்கிறது, அடிக்கடி தப்பாக இருக்கிறது, ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறது. எழுதுகிறவருக்கு அரை நிமிடம், சரிபார்க்கிறவருக்கு அரை மணி நேரம். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை நடத்தும் டானியல் ஸ்டென்பெர்க் 2024இலிருந்தே இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு ஓட்டை என்று பக்கம் பக்கமாக வரும், உள்ளே போனால் குறிப்பிடும் நிரல்வரியே இருக்காது. கடைசியில் ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குக் கொடுத்துவந்த பணப்பரிசையே 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் மோசமான பதில் பார்க்கவும் மோசமாகத்தான் இருக்கும், அதனால் மட்டுறுத்துநர் வேலை பாதி மிச்சமானது. அந்த வசதி போய்விட்டது.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தடை போட்ட அதே தளத்தின் நிறுவனம் 2023இல், சந்தேகத்தின் பேரில் நீக்குவதை நிறுத்துங்கள், அப்பாவிகள் தண்டிக்கப்படுகிறார்கள் என்று மட்டுறுத்துநர்களிடம் சொன்னது. மட்டுறுத்துநர்கள் அதை எதிர்த்து ஜூனில் வேலைநிறுத்தமே தொடங்கி ஆகஸ்டு வரை நடத்தினார்கள். இரண்டு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது என்பது என் எண்ணம்.

ஓரப்பார்வை:

யாராவது "சொந்த அனுபவம் இருக்கிறதா என்று பாருங்கள், அதை ஏஐயால் எழுத முடியாது" என்று சொல்லவரும் முன் நான் குறுக்கே விழுகிறேன். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் கருத்தை மாற்றச் சொல்லி விவாதிக்கும் ஒரு பெரிய குழுமம் உண்டு, 38 லட்சம் உறுப்பினர்கள். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மாதக்கணக்கில் ஏஐ கணக்குகளை விட்டு 1,700க்கும் மேற்பட்ட பின்னூட்டம் போட்டார்கள். அந்தக் கணக்குகளில் ஒன்று பாலியல் வன்முறைக்கு ஆளானவராகப் பேசியது, ஒன்று மனநல ஆலோசகராக. எதிராளியின் பழைய பதிவுகளைப் படித்து வயது, பாலினம், அரசியல் சாய்வு இவற்றை ஊகித்து அதற்கேற்ப வாதத்தை வளைத்ததும் உண்டு. ஆய்வாளர்களே 2025இல் மட்டுறுத்துநர்களிடம் சொல்லும்வரை குட்டு உடையவில்லை. பெரிய கண்டனம் எழுந்து, முடிவுகளை வெளியிடுவதில்லை என்று ஆனது.

அதனால் உருக்கமான அனுபவக் கதை எனக்கு இப்போது ஆதாரமே இல்லை. சரிபார்க்கக் கூடிய விவரம் வேண்டும்: எந்தப் பதிப்பு, என்ன பிழைச்செய்தி, எதை மாற்றியபோது என்ன ஆனது. அப்புறம் திருப்பிக் கேள்வி கேளுங்கள். ஏஐயால் பதில் சொல்ல முடியாது என்பதற்காக இல்லை, அது நன்றாகவே சொல்லும். ஆனால் வெட்டி ஒட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி வருவதே இல்லை, வந்தாலும் நாம் கேட்டதை விட்டுவிட்டு முன்பு சொன்னதையே இன்னும் பணிவாகச் சொல்வார்கள். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று ஆரம்பித்துவிட்டு நேர்மாறாக எழுதினால் நான் உடனே நீக்கிவிடுவேன்.

கோடுபோட்ட_நோட்டு:

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், என்னைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பள்ளியில் தமிழை மொழிப்பாடமாகக்கூடப் படிக்காதவள். பேசுவேன், எழுத வராது. சொல்ல வேண்டியதை வாயால் பேசிப் பதிவு செய்து, ஏஐயிடம் கொடுத்துப் பிழை திருத்திப் போடுகிறேன். விஷயம் முழுக்க என்னுடையது, சந்தியும் ஒற்றும் அதனுடையது. இந்தப் பதிவும் அப்படித்தான். இதைப் படித்ததும் உங்கள் மூக்கு வியர்க்கும் என்று தெரியும். திருத்தாமல் போட்டபோது "முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வா" என்றார்கள், திருத்திப் போட்டால் "ரோபோ" என்கிறார்கள். எதற்குத்தான் வருவது?

கண்கொத்தி:

@கோடுபோட்ட_நோட்டு, சொல்லிவிட்டுச் செய்கிறீர்கள், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கவலை. பிழை திருத்தச் சொன்னால் இந்த மாதிரிகள் பிழையோடு நிற்பதில்லை. நீங்கள் "சில சமயம் வேலை செய்யவில்லை" என்று பேசியிருப்பீர்கள், அது "தொடர்ந்து தோல்வியடைகிறது" என்று மாற்றிவிடும். நுட்பக் குழுமத்தில் அந்த ஒரு மாற்றமே பதில் சொல்கிறவரை வேறு திசைக்கு அனுப்பிவிடும். "எழுத்துப்பிழையை மட்டும் திருத்து, சொல்லை மாற்றாதே" என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பழுப்புத்தாள்:

மற்ற மட்டுறுத்துநர்களோடு பேசி ஒரு வரைவு வைத்திருக்கிறேன், கிழித்துத் தொங்கவிடுங்கள். கண்டறியும் தளத்தின் படத்தை இழையில் ஒட்டினால் அந்தப் படம் நீக்கப்படும், சந்தேகம் இருந்தால் புகார்ப் பொத்தான் போதும். இல்லாத செயற்கூறு, இல்லாத ஆவணம், ஒட்டியதன் எச்சம் இவை இருந்தால் கேள்வி இல்லாமல் நீக்கம். வெறும் சாயல் மட்டும் இருந்தால், பதிப்பும் பிழைச்செய்தியும் கேட்டு ஒரு மட்டுறுத்துநர் கேள்வி போடுவார், ஒரு வாரம் பதில் வராவிட்டால் நீக்கம். பிழை திருத்தவும் மொழிபெயர்க்கவும் ஏஐ பயன்படுத்தலாம், பதிவின் அடியில் ஒரு வரி சொன்னால் சரி.

ஓரப்பார்வை:

கடைசி விதி ஓடாது. அந்த ஒரு வரியைப் போடுகிறவர்களை எல்லோரும் கீழ்வாக்கு போட்டு அமுக்குவார்கள், போடாதவர்கள் தப்பித்துவிடுவார்கள், ரெண்டு மாதத்தில் யாரும் போட மாட்டார்கள். பதிவின் அடியில் வேண்டாம், உறுப்பினர் பக்கத்தில் ஒருமுறை குறிப்பிட்டால் போதும் என்று மாற்றுங்கள். அப்புறம் புதுக் கணக்குகளுக்கு முதல் வாரம் நாளொன்றுக்கு இத்தனை பதில்தான் என்று ஒரு வரம்பும் வையுங்கள், குவிப்பவர்களுக்கு அதுதான் உண்மையில் வலிக்கும்.

கோடுபோட்ட_நோட்டு:

உறுப்பினர் பக்கம் என்றால் எனக்குச் சம்மதம். இன்றே போட்டுவிடுகிறேன்.