புதுப்பிப்பு: பொங்கல் விருந்துக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சமையல்

பொங்கல் முழுக்க நெய்யும் கறிதோசையும் ஜிகர்தண்டாவுமாக ஓடிய பிறகு, பால்கூடச் சேர்க்காத காய்கறிச் சமையலுக்கு எப்படித் திரும்புவது என்று இங்கே கேட்டிருந்தேன். பருவத்தில் கிடைப்பதை வைத்தே தொடங்கச் சொன்னீர்கள். பலித்துவிட்டது, ரொம்ப நன்றி.

தை மாதம், மாட்டுத்தாவணி சந்தையில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கிறது. உரித்து ராத்திரியே தண்ணீரில் போட்டால், காலையில் விரலால் பிதுக்கியதும் தோல் கழன்று பருப்பு வழுவழுவென்று வெளியே வரும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு, தாளிக்க நல்லெண்ணெய். நெய்யை யாருமே தேடவில்லை! கூடவே குதிரைவாலிச் சோறு.

தயிர்தான் பாக்கி. மாமியாருக்கு மோர் இல்லாமல் சாப்பாடு இறங்காது. அவருக்குத் தனியாக வைக்கிறோம், அதுவும் சரிதான். நிலக்கடலைப் பாலில் தயிர் உறைய வைத்தவர்கள் பக்குவம் சொல்லுங்கள், செய்து பார்த்து எழுதுகிறேன்.