கனடாவில் வெளிநாட்டு ஆட்களை எடுப்பதைக் குறைக்கிறார்களாம், வயலை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பலாமா?

கேட்டவர்: அம்பாசமுத்திரத்துக்காரன்

வீரவநல்லூரில் இருக்கும் என் தங்கச்சி மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். கனடாவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வண்ணார்பேட்டையில் இருக்கும் ஏஜென்ட் "இந்த இன்டேக்கிலேயே போயிடணும், அடுத்ததில் கதவை மூடிருவாங்க" என்று அவசரப்படுத்துகிறார். மச்சான் இப்போது இல்லை. தங்கச்சி கையில் இருப்பது ஒன்றரை ஏக்கர் நஞ்சை மட்டும்தான். கன்னடியன் கால்வாய்ப் பாசனம், கார், பிசானம் இரண்டு போகமும் விளையும். அந்தப் பத்திரத்தைத்தான் பேங்கில் கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம், வீட்டு வாடகை ஏறியதற்கே வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் காரணம் என்று அங்கே பெரிய விவாதம் நடக்கிறதாம். அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறதா, இல்லை வெறும் வெறுப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அண்ணாச்சி, முதலில் எண்ணிக்கை இரண்டு வகை என்பதைப் பிரித்துப் பாருங்கள். நிரந்தரமாகக் குடியேற விடுவது, அதாவது பி.ஆர்., ஒரு கணக்கு. 2025-ல் 5 லட்சம் பேர் என்று வைத்திருந்ததை 2024 அக்டோபரில் 3,95,000 ஆக்கினார்கள். 2026-க்கு 3,80,000. குறைத்திருக்கிறார்கள், மூடவில்லை. பெரிய வெட்டு விழுந்தது தற்காலிக விசாவில். மாணவர் பெர்மிட்டுக்கு 2024 ஜனவரியில் உச்சவரம்பு வந்தது. 2026-ல் புதிதாக வரும் மாணவர்கள் 1,55,000 பேர் போதும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

நியாயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மொத்தமே 4 கோடி பேர் உள்ள நாடு. 2023 ஒரே வருடத்தில் 12 லட்சத்துக்கு மேல் கூடியது, அதில் பெரும்பங்கு தற்காலிகமாக வந்தவர்கள். அந்த வேகத்துக்கு எந்த ஊரிலும் வீடு எழும்பாது. என் மகள் ஒன்டாரியோ மாகாணத்தில் கிச்சனர் என்ற ஊரில் படித்தபோது ஒரு பேஸ்மென்ட்டில் ஆறு பெண்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவள், காலேஜுக்குக் கிளம்புகிறவளின் மெத்தையில் படுப்பாள். அடுப்புக்கும் முறை. சோறு வடிக்க ஒருத்திக்கு அரை மணி நேரம், அதற்குள் குழம்பும் வைத்தாக வேண்டும்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் தானாகப் போய் நிற்கவில்லை, கூப்பிட்டார்கள். ஒன்டாரியோவில் 2019-ல் உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே நிறுத்தி வைத்தது மாகாண அரசு. கல்லூரிகள் அந்தப் பள்ளத்தை நம் பிள்ளைகளின் ஃபீஸில் நிரப்பின. எத்தனை பேரை எடுப்பது என்பது அந்த நாட்டின் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. எண்ணிக்கையை நுழைவாசலில் குறைக்கட்டும். உள்ளே விட்டு, பணம் வாங்கி, பாதிப் படிப்பில் இருக்கிறவனுக்கு விதியை மாற்றாதே என்பதுதான் என் வாதம். 2025 மார்ச்சில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளி போட்டு பி.ஆர். கொடுக்கும் முறையில், வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கொடுத்த புள்ளிகளை எடுத்தார்கள். அதை நம்பி வருடக்கணக்கில் உழைத்த பிள்ளைகள் அன்றைக்கு வரிசையில் பின்னால் போனார்கள்.

மேலப்பாளையம் அக்கா

சார் சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். வாடகை ஏறியது நிஜம். ஆனால் பழி யார் மேல் விழுகிறது? அங்கே என் தம்பி வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது "உன் ஊருக்குப் போ" என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னாராம். வீடு கட்டாத அரசாங்கத்திடமோ, பணம் வாங்கிய கல்லூரியிடமோ யாரும் அப்படிப் போய் நிற்பதில்லை. எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தென்காசியிலிருந்து

என் ஆச்சி இலங்கை மலையகத்தில் பிறந்தவள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்டன. தேயிலைக் கொழுந்து பறித்தவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் கிடந்ததைச் சாகும்வரை சொல்வாள். பிறந்த மண்ணில் குடியுரிமை மறுக்கப்பட்டவர்களும், படிக்கப் போகிற பிள்ளைகளும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. உள்ளே இருக்கிறவனைத் தனியாகப் பாருங்கள் என்று வங்கிக்காரர் சொல்கிறாரே, அது எங்கள் வீட்டில் பட்ட பாடு.

அம்பாசமுத்திரத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்போ பையனை என்ன செய்யச் சொல்வது?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

டிப்ளமோவுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். 2024 நவம்பர் முதல் மாணவர் பெர்மிட் கேட்ட டிப்ளமோ மாணவர்களுக்கு, படிப்பு கனடா அரசின் பட்டியலில் இருந்தால்தான் முடித்தபின் வேலை பெர்மிட். பட்டப் படிப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் என்றால் 2026 ஜனவரியிலிருந்து மாணவர் பெர்மிட்டுக்கு மாகாண அரசின் ஒப்புதல் கடிதமும் வேண்டாம். பையன் பி.இ.தானே, அதற்கு முயற்சி செய்யட்டும், ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை. வேலை பெர்மிட் கிடைக்குமா என்று ஏஜென்ட்டைக் கேட்காமல் கல்லூரிக்கே மெயில் போட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டால் ஏஜென்ட்டுக்குக் கல்லூரி கமிஷன் கொடுக்கும், அவர் அவசரம் அதில் இருக்கிறது.

செலவையும் தங்கச்சியிடம் முழுசாகச் சொல்லுங்கள். ஃபீஸ் போக, அங்கே வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டிய தொகையே 10,000 கனடா டாலராக இருந்தது, 2024 ஜனவரியில் 20,635 ஆனது, பிறகும் கூட்டிவிட்டார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் சொத்து கேட்பார்கள், அதனால்தான் பேங்க் வயலுக்கு வருகிறது. பையனுக்கு வேலை கிடைக்காவிட்டாலும் வட்டி ஓடும். நான் சர்வீஸில் இருந்தபோது அப்படி நோட்டீஸ் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மூலப்பத்திரம் இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும். அட்மிஷன் கடிதத்தையும் ஃபீஸ் விவரத்தையும் எடுத்துக்கொண்டு பையனோடு ஒருநாள் பாளைக்கு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.