மழைக்கு நிறுத்தும் லாரியில் இரண்டு பேட்டரியும் சாகாமல் இருக்க என்ன வழி?

திருச்செங்கோடு ரிக்: அண்ணே, மழை பிடித்தால் எங்கள் போர்வெல் லாரி மாதக்கணக்கில் ஷெட்டில்தான். 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்த்து 24. வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

ஆட்டோ எலக்ட்ரீஷியன்: போதாது தம்பி, அந்த 10 நிமிடத்தில் பேட்டரி முழுசாக ஏறாது. ஃபுல் சார்ஜ் ஏற்றி எர்த் வயரை, அதாவது பேட்டரியின் மைனஸ் முனை வயரைக் கழற்றி விடுங்கள், நிறுத்திய வண்டியில் ஜிபிஎஸ் மாதிரிச் சின்னச் சாமான்தான் சத்தமில்லாமல் பேட்டரியைத் தின்னும். மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள், ஒரு பேட்டரிக்கு 12.6 இருந்தால் நல்லது, 12.4க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போடுங்கள், இல்லையென்றால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் எந்த சார்ஜரும் காப்பாற்றாது.

டிப்பர்காரன்: இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் முக்கியம். ஒன்று 12.7, மற்றது 12.0 என்றாலும் கூட்டினால் 24.7 காட்டும், நாமும் சரி என்று விட்டுவிடுவோம். ஸ்டீரியோவுக்கு ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தால் இந்த வித்தியாசம் கட்டாயம் வரும்.

திருச்செங்கோடு ரிக்: ஒன்று போய்விட்டால் அதை மட்டும் மாற்றலாமா?

ஆட்டோ எலக்ட்ரீஷியன்: வேண்டாம், ஜோடியாகவே மாற்றுங்கள். பழசோடு சேர்ந்தால் புதுசும் சீக்கிரம் கெடும்.