ஹெவி லைசென்ஸ் இருக்கிறது, லைன் அனுபவம் இல்லை: தனியாக சோலாப்பூர் டிரிப் போகலாமா?

ராசிபுரத்தான்

எனக்கு 23 வயது. ராசிபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். கார் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது, போன மாதம் ஹெவியும் கைக்கு வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் லாரி ஓட்டியது மொத்தம் ஏழு நாள். ஒரு வண்டிக்கு நாலு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் காலி வண்டி. மூன்றாவது கியரைத் தாண்டியதே இல்லை.

வேலை கேட்டு நாமக்கல்லில் நாலு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "எத்தனை வருஷம் லைன் ஓட்டியிருக்கே?" லைன் என்றால் வெளியூர் லோடு ஓட்டம். ஒருவர் லைசென்ஸை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் கழிச்சு வா" என்றார். யாருமே வண்டி கொடுக்காவிட்டால் அந்த இரண்டு வருடம் எங்கிருந்து வரும்?

இப்போது தெரிந்தவர் மூலமாக ஒரு ஓனர் கூப்பிடுகிறார். பத்துச் சக்கர வண்டி. ஜவ்வரிசி மூட்டையைக் கொண்டுபோய் சோலாப்பூரில் இறக்கிவிட்டு, வெங்காயம் ரிட்டன் லோடு. கிளீனர் கிடையாது, நான் ஒருவன்தான். "ஒரு டிரிப் போயிட்டு வந்தா தானா பழகிடும்" என்கிறார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினலை அவரிடம் கொடுத்து வைக்க வேண்டுமாம். தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது, பணம் அவசரம். திங்கள்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

பழைய டிரைவர், ஓமலூர்

போகாதே தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

போகும்போது பெரிதாக ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். தொப்பூர் மலைக் கணவாய் உனக்கு ஏற்றம். கிருஷ்ணகிரி, ஓசூர், தும்கூர், சித்ரதுர்கா என்று அகலமான ரோடு. எனக்குப் பயம் நீ திரும்பி வருவதை நினைத்துத்தான். வெங்காயம் அழுகும் சரக்கு, மண்டியிலிருந்து மணிக்கொரு தடவை போன் வரும். நாலு நாள் தூக்கம் கெட்ட உடம்போடு, வண்டியும் சரக்குமாக 28 டன்னை வைத்துக்கொண்டு தருமபுரி பக்கமிருந்து தொப்பூர் கணவாயில் இறங்குவாய். அந்த இறக்கத்தில் எத்தனை லாரி கவிழ்ந்து போயிருக்கிறது என்று இரட்டைப் பாலத்துப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேள்.

நான் கிளீனராக இருந்து ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பித்த புதிதில் அங்கேதான் ஒரு பாடம் படித்தேன். ராத்திரி இரண்டு மணி. இறக்கம்தானே, டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டேன். முதல் வளைவு வரை சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது வளைவில் பிரேக் மிதித்தேன், பிடித்தது. மூன்றாவதில் மிதித்தபோது பெடல் கீழே போகிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. கேபினுக்குள் பிரேக் லைனர் கருகிய நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் பின் சக்கரத்திலிருந்து புகை. பயத்தில் விட்டு விட்டு மிதித்ததில் பிரேக்குக்கான ஏர் மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வருகிறது. கீழ் கியர் போடலாம் என்றால், அந்த வேகத்தில் கியர் விழாது, கரகர என்று அரைக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த மூத்த டிரைவர் நாற்றத்துக்கு எழுந்து ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண் மேட்டில் வண்டியை உரசவிட்டு நிறுத்தினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இறங்கிப் போய் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. உன் ஓனர் உனக்கு வண்டி கொடுக்கிறார், பக்கத்தில் அந்த மனிதரைக் கொடுக்கவில்லை.

எல் போர்டு வாத்தியார்

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பிக்குக் கிடைத்த பயிற்சி போதாது. எங்கள் தொழிலில் பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது என்பது எனக்கு வருத்தம். படிவம் 5 என்பது "இவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தோம்" என்று பள்ளி கொடுக்கும் சான்று. அது ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கான காகிதம், ரோட்டுக்கானது இல்லை.

காசு கொஞ்சம் புரட்ட முடிந்தால் முறையான பயிற்சிக்குப் போங்கள். நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நேரில் விசாரியுங்கள். லைசென்ஸ் ஏற்கெனவே எடுத்துவிட்டதால் புத்தாக்கப் பயிற்சி மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மூணு வண்டி

நான் சின்ன ஓனர். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். புது ஆளிடம் வண்டியைக் கொடுத்தால் கிளட்ச் பிளேட் கருகும், ரிவர்ஸில் பின் பாடி இடிக்கும், டயர் ஓரம் தேயும். எல்லாம் மாதத் தவணை கட்டும் வண்டிகள். அதனால்தான் அனுபவம் கேட்கிறோம். உள்ளங்கையைப் பார்த்த அந்த மேனேஜர் மேல் கோபப்படாதீர்கள். கயிறு இழுத்துத் தார்ப்பாய் கட்டிய கையா என்று பார்த்திருக்கிறார்.

அப்படியிருக்க, ஏழு நாள் ஓட்டிய பையனுக்குப் பத்துச் சக்கர வண்டியைத் தனியாகக் கொடுக்க ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அந்த வண்டிக்கு வேறு டிரைவர் யாரும் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஏன் வரவில்லை என்று பாருங்கள். டயர் மொழுக்கையா, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) முடிந்துவிட்டதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, சம்பளம் பாக்கி வைப்பவரா. வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை, இன்றைக்கே செய்யுங்கள்.

மார்க் ஷீட் ஒரிஜினலை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். நகல் போதும். நான் யாரிடமும் ஒரிஜினல் கேட்டதில்லை.

வழி என்ன என்றால், இரண்டாவது டிரைவராகவோ கிளீனராகவோ ஏறுங்கள். லைசென்ஸ் உள்ள கிளீனர் கிடைப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். என் வண்டியில் அப்படி வந்தவருக்கு முதல் மாதம் ஸ்டியரிங் கிடையாது. இரண்டாவது மாதம் பகலில், காலி வண்டியில், நாலு வழிச் சாலையில் மட்டும். லோடு வண்டி அப்புறம். இறக்கம் கடைசியில்.

ராசிபுரத்தான்

எல்லாருக்கும் நன்றி. எம்பரிவாகனில் பார்த்தேன். எஃப்.சி. முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன் செய்து கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீ ஓட்டுற வேலையைப் பாரு" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கிளீனராகப் போனால் வருமானம் பாதிகூட வராதே என்பதுதான் கவலை. நண்பன் ஒருவன் டாடா ஏஸ் ஓட்டலாம் என்கிறான், உள்ளூரில் உடனே கிடைக்கும். அது அனுபவத்தில் சேருமா? அதற்குத் தனியாக பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டும் அனுமதி) வேண்டுமா?

எல் போர்டு வாத்தியார்

தனியாக எதுவும் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே வைத்து ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. உங்களிடம் ஹெவியே இருக்கிறது.

பழைய டிரைவர், ஓமலூர்

ஏஸ் ஓட்டினால் சந்து பொந்து பழகும், பில், லோடு, இறக்குக்கூலிப் பேச்சு எல்லாம் பழகும். அது வீண் இல்லை. ஆனால் ஏர் பிரேக் பழகாது, பெரிய வண்டியின் நீளம் பழகாது. இடப்பக்கம் திரும்பும்போது லாரியின் பின் சக்கரம் உள்ளே வெட்டும். அந்த இடத்தில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். நின்றால் கண்ணாடியிலும் தெரியாது. இதற்கெல்லாம் லாரியில்தான் உட்கார வேண்டும். ஃபீஸ் கட்டும் வரைக்கும் ஏஸ் ஓட்டு, கட்டியதும் லாரிக்கு வா. இரண்டு மாதத்தில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆளைப் பார்த்து ஏறு, வண்டியைப் பார்த்து ஏறாதே. நல்ல டிரைவர் யார் என்று டீக்கடையில் கேட்டால் தெரியாது, காலையில் பார். எழுந்ததும் சாவியைத் தேடுகிறவரா, வண்டியைச் சுற்றி வருகிறவரா? சுற்றி வருபவர் வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவார். காற்று இருந்தால் ஸ்பேனர் எகிறும், சத்தம் கணீரென்று வரும். இறங்கிய டயர் தொப்பென்று வாங்கிக்கொள்ளும். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் கண்ணுக்குத் தெரியாது, காதுதான் சொல்லும். இரண்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஏர் டேங்கின் அடியில் வளையத்தை இழுத்துத் தண்ணீரை வடிப்பார். ஸ்டார்ட் செய்து, ஏர் மீட்டர் முள் 7 தாண்டும் வரை கியரில் கை வைக்க மாட்டார். அப்படி ஒருவர் கிடைத்தால் சம்பளம் குறைவு என்று பார்க்காதே.

இறக்கத்துக்கு ஒரே கணக்கு: எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில் இறங்கு. இறக்கம் தொடங்கும் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு வை, இன்ஜின் புகை வழியை அடைத்து அது வேகத்தைப் பிடிக்கும். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

டிரைவர் வீட்டுக்காரி

என் வீட்டுக்காரர் பதினாறு வருடமாக ஆந்திரா, மகாராஷ்டிரா லைன் ஓட்டுகிறார். கணக்கு வழக்கு நான்தான் பார்க்கிறேன். தம்பி, ஏறுவதற்கு முன்னால் சில விஷயங்களை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். படி (பேட்டா) நாள் கணக்கா, டிரிப் கணக்கா, வாடகையில் பங்கா? பஞ்சர், ஏற்றுக்கூலி, தார்ப்பாய் கட்டும் கூலி யார் கணக்கு? லோடு கிடைக்காமல் மூன்று நாள் படுத்துக்கிடந்தால் சாப்பாட்டுக்கு யார் கொடுப்பார்கள்? நாங்கள் இதைக் கேட்காமல் ஒரு வருடம் ஏமாந்தோம். இப்போது ஒவ்வொரு டிரிப்பையும் நாற்பது பக்க நோட்டில் எழுதி, வந்த அன்றைக்கே ஓனரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம்.

சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான ஈ-வே பில்லில் முடியும் தேதியைப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. வழியில் வண்டி நின்றுவிட்டால் தேதி தாண்டிவிடும், உடனே டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் சொல்லி நீட்டிக்கச் சொல்ல வேண்டும். பிடித்தால் ரோட்டில் நிற்பது டிரைவர்தான். ஓவர்லோடுக்கும் அப்படியே. 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடைச் சீட்டு இல்லாமல் நகர வேண்டாம்.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். அப்புறம், தூக்கம். சட்டப்படி ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான். லைனில் அப்படி நடப்பதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி இரண்டிலிருந்து நாலு வரை நிறுத்திப் படுப்பது என்று இவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எவ்வளவு அவசர லோடாக இருந்தாலும் மாற்றியதில்லை. நானும் அந்த நேரத்தில் போன் செய்ய மாட்டேன்.

ராசிபுரத்தான் (ஐந்து மாதம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்து வாரம் ஏஸ் ஓட்டினேன், ஃபீஸ் கட்டியாகிவிட்டது. பிறகு பக்கத்து ஊர் அண்ணன் ஒருவரோடு பன்னிரண்டு சக்கர வண்டியில் இரண்டாவது ஆளாக ஏறினேன். காலையில் டயர் தட்டுகிறவர். ஆறு வாரம் தார்ப்பாயும் கயிறும்தான். இப்போது உள்ளங்கையைக் காட்டினால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

போன வாரம் முதல் தடவையாக லோடோடு தொப்பூரில் இறங்கினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேலேயே மூன்றாவது கியர் போட்டுவிட்டேன். கீழே வந்து சேரும் வரை எத்தனை ஹாரன் வந்தது என்று எண்ணவில்லை. டீக்கடையில் நிறுத்தி இறங்கியபோது கால் நடுங்கியது. அண்ணன் பின் டிரம்மைத் தூரத்திலிருந்தே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சூடு கம்மிதான்" என்றார். நிம்மதியாக இருந்தது.

இப்போது ஒரு சந்தேகம். ராத்திரி ஏர் 8 வைத்து நிறுத்தினால் காலையில் முள் 2-ல் நிற்கிறது. ஒரு மாதம் முன்னால் இப்படி இல்லை. ஸ்டார்ட் செய்தால் ஏறிவிடுகிறது. அப்படியே விடலாமா?

பழைய டிரைவர், ஓமலூர்

விடாதே. ஒரு மாதத்தில் மாறியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. சமதரையில் நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை கொடு. ஏர் நிறைத்து இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்தில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள். முதலில் பிரேக்கைத் தொடாமல் கேள். அப்புறம் அண்ணனை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கேள். மிதிக்கும்போது மட்டும் உஸ்ஸென்றால் பிரேக் சேம்பர் டயாஃப்ரமையோ (சக்கரத்தருகே காற்று தள்ளும் ரப்பர் தகடு) பெடலுக்குக் கீழே உள்ள ஃபுட் வால்வையோ சந்தேகப்படு. மிதிக்காமலே போனால் டேங்க், டியூப், ஜாயின்ட் பக்கம். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவினால் முட்டை விடும். கண்டுபிடித்ததும் மெக்கானிக்கிடம் காட்டு, சேம்பரை மட்டும் நீயாகக் கழற்றாதே. உள்ளே பெரிய ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது.

ராசிபுரத்தான்

பின்னால் இடப்பக்கம், டேங்கிலிருந்து வரும் டியூப் ஜாயின்ட்டில் முட்டை விட்டது அண்ணா. டியூப் சேஸிஸில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. நாளை காலை சங்ககிரியில் மாற்றிவிட்டுத்தான் லோடு ஏற்றுகிறோம்.